என் செருப்பு, அவள் கை

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயில் வாசலில் ஒரு மேடை. மேடையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். குடைகளுக்கு மேலால் ஒரு பழுப்புச் செருப்பு பறந்து வந்து அவர் தோளில் பட்டு விழுகிறது. அந்தச் செருப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எறிந்தவளைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து டயகம வரைக்கும் கதை கதையாகப் பேசினார்கள், செருப்பு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது பொலிஸ் மட்டும்தான்.

எறிந்தவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. அவளை எல்லோரும் சின்னவள் என்பார்கள். அவள் சின்னவள் என்றால் நான் பெரியவளாக இருக்க வேண்டும். ஆனால் என்னை வாய்க்காரி என்பார்கள், அதுவும் என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள்.

சின்னவள் மேல் எனக்குப் பொறாமை உண்டு. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவள் கல்யாணமாகி வந்து வாசலில் கால் வைத்த அன்றைக்கு மாமியார், வீட்டுக்கு விளக்கு வந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொன்னார். நான் வந்த அன்றைக்கு, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, போய்ப் பார் என்றார். மலையில் கங்காணி அவள் கொழுந்தெடுக்கும் நிரையைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவார். பழைய பால்மா டின்னில் அவள் நட்ட ரோஜாக் குச்சி வருஷம் முழுக்கப் பூக்கிறது. அதே செடியிலிருந்து ஒடித்து நான் நட்டது இன்னும் குச்சியாகவே நிற்கிறது. எல்லாவற்றையும்விட, அவள் பேச்சு. நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவாள், அந்த ஒன்றுக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், என் பேச்சை யாரும் சட்டை செய்திருக்க மாட்டார்கள்.

நான் மலைக்குப் போவதில்லை. பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மலைக்குப் போகிறவர்கள் அட்டைக்கும் சேற்றுக்கும் பயந்து ரப்பர் சப்பாத்து போடுவார்கள், இல்லையென்றால் தேய்ந்துபோன செருப்பு. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கொழும்பில் வேலை செய்யும் என் தங்கச்சி வாங்கி அனுப்பிய செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போவேன். கொஞ்சம் குதி உயர்ந்தது, பக்கவாட்டில் பித்தளை பக்கிள். இடது கால் பக்கிள் உடைந்து, அதில் ஒரு ஊக்கைக் குத்தி வைத்திருந்தேன். அப்படி ஒரு செருப்பு லயத்தில் வேறு யாரிடமும் இல்லை. சின்னவளிடமும் இல்லை, அதில் எனக்கொரு நிம்மதி.

எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்மேடு. மழை விடாமல் அடித்த ஒரு வருஷம் மேடு சரிந்து கடைசிக் காம்பராவின் பின்சுவர் விழுந்தது. எங்கள் நடுச்சுவரிலும் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு விட்டது. அந்த வெடிப்பு வழியாகச் சின்னவள் வீட்டு லைட் வெளிச்சம் எங்கள் பக்கம் தெரியும், அவர்கள் பேசுவதும் கேட்கும். இங்கே குடியிருப்பது ஆபத்து என்று ஆட்கள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று சொல்லவில்லை.

அப்புறம்தான் அவர் வந்தார். பெயர் வேண்டாம், எல்லோரும் ஐயா என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். எல்லாருக்கும் தனி வீடு என்று சொல்லி, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கல் நாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த எலெக்சனுக்கு முன்னால் வந்து இன்னொரு கல் நாட்டினார். முதல் கல்லை யாரோ பீலிக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். பீலி என்றால் மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழும் இடம், லயத்துப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் தண்ணீர் பிடிப்போம், துவைப்போம். ஐயா பெயர் வெட்டிய நல்ல வழுவழுப்பான கல். அதில் எங்கள் துணி பளிச்சென்று வெளுக்கும்.

அந்தக் கல்லில் துணியை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் நான் சொல்லுவேன், இந்த முறை அந்த ஆள் வரட்டும், செருப்பைக் கழற்றி மூஞ்சியிலேயே வீசுகிறேன் என்று. பெண்கள் சிரிப்பார்கள். சிலர் எந்தக் கால் செருப்பு என்று கேட்பார்கள். கைகாரியாக இருந்தால் செய் பார்ப்போம் என்று ஒருத்தி சீண்டினாள், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன். சின்னவள் பக்கத்திலிருந்து துணியைப் பிழிவாள், ஒன்றும் பேசமாட்டாள். சேர்ந்து ஒரு வார்த்தை திட்டியதுகூட இல்லை. ரோஷம் கெட்டவள் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது கல் நாட்ட ஐயா வருகிறார் என்று செய்தி வந்தது. அந்த வாரம் எங்கள் தொழிற்சங்கத் தலைவரின் வீட்டுக்காரம்மா சின்னவள் வீட்டுக்கு வந்தார். சுவர் வெடிப்பு வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. ஐயாவுக்கு ஆலாத்தி எடுக்க முகலட்சணமான ஒரு ஆள் வேண்டும், நீதான் சரி என்று அந்தம்மா சொன்னதைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறிவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு போய் நின்றேன். மூத்த மருமகள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இளையவளிடம் தட்டைக் கொடுப்பது எந்த ஊர் முறை என்று கேட்டேன். தலைவர் வீட்டம்மா திகைத்துப்போய் சின்னவளைப் பார்த்தார்.

“அக்காவே எடுக்கட்டுங்க,” என்றாள் அவள். அவ்வளவுதான். கொஞ்சம் மல்லுக்கு நின்றிருந்தாலாவது ஜெயித்த மாதிரி இருந்திருக்கும்.

செருப்பால் அடிப்பேன் என்று சொல்லித் திரிந்தவள் ஆலாத்தித் தட்டுக்குப் போய்ச் சண்டை போடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். சத்தியமாக எனக்கு அது தோன்றவேயில்லை. தட்டு அவள் கைக்குப் போகக்கூடாது, அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத் தூறல். எங்கள் தோட்டத்தில் கூட்டம் கூடுகிற மாதிரி சமதரை கோயில் வாசல் மட்டும்தான், அதனால் மேடையும் அங்கேயே போட்டிருந்தார்கள். சாமி வாசல் என்பதால் எல்லோரும் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். நானும் கழற்றினேன், யாரும் மிதித்துவிடாதபடி மேல்படி ஓரமாகச் சேர்த்து வைத்தேன். என்னை மேடையில், ஐயா நிற்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில், நாட்டப்போகும் கல்லுக்கு அருகே நிறுத்தினார்கள். பேச்சு முடிந்ததும் கல்லுக்கும் ஐயாவுக்கும் சேர்த்து ஆலாத்தி. சின்னவள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரப் பிந்திவிட்டாள், அதனால் கூட்டத்துக்குப் பின்னால் படியோரம், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றாள். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு என் பட்டுச் சேலையும் தட்டும்தான் பெரிதாக இருந்தது.

ஐயா ஜீப்பிலிருந்து இறங்கினார். சப்பாத்தைக் கழற்றவில்லை. விரித்திருந்த கம்பளத்தில் நடந்து, சாமிக்கு முன்னாலேயே சப்பாத்துக் காலோடு மேடை ஏறினார். பூசாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நாங்கள் ஈரச் சீமெந்தில் கால் விறைத்துப்போய் நின்றோம்.

பேச்சு நீண்டுகொண்டே போனது. முடிக்கப்போகிறார் போலிருந்தது, பூசாரி வந்து என் தட்டில் கற்பூரத்தை ஏற்றிவிட்டுப் போனார். அப்போதுதான் ஐயா அதைச் சொன்னார்.

“போன வருசம் இந்தத் தோட்டத்துக்கு நாங்க கட்டிக் குடுத்த வீடுகள்ல நீங்க எல்லாரும் சந்தோசமா குடியிருக்கிறதப் பாக்கும்போது எனக்கு மனசு நெறைஞ்சிருக்கு.”

வேறெந்தத் தோட்டத்துக்கோ எழுதிக் கொடுத்ததை இங்கே வாசிக்கிறார் போலிருக்கிறது. அந்தத் தோட்டத்திலாவது கட்டினார்களோ என்னவோ. தலைவருக்கு அது மண்டையில் ஏறவில்லை, வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் கையைத் தட்டினார். தலைவர் தட்டினால் நாங்களும் தட்டுவோம், அது ஊறிப்போன பழக்கம். வெடித்த சுவருக்குள்ளிருந்து எழும்பி வந்த சனம் முழுதும் இல்லாத வீட்டுக்குக் கை தட்டியது. எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போது, இப்போதுதான் என்று உள்ளே ஏதோ கத்தியது. வலது கால் தானாக இடது கால் செருப்பைத் தேடியது. வெறுங்கால். கை இரண்டிலும் தட்டு.

அந்த நேரம் பார்த்துச் செருப்பு வந்தது. ஐயா தோளில் பட்டு, புதுக் கல்லின் மேல் விழுந்து, ஒருதரம் புரண்டு நின்றது. பக்கிளில் ஊக்கு. 

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பிள்ளை விழுந்தாலும், மாடு முட்டினாலும், லொறி உரசிவிட்டுப் போனாலும், முதலில் திருஷ்டி கழியச் சுற்றிப் போடுவோம், மற்றதெல்லாம் பிறகு. என் கையில் கற்பூரத்தோடு தட்டு. கண்ணுக்கு முன்னால் ஒரு ஆள் மேல் செருப்பு விழுந்து நிற்கிறது. என் கை என்னைக் கேட்கவில்லை. ஐயாவைச் சுற்றி நன்றாக மூன்று தடவை ஆலாத்தி சுற்றி, தட்டுத் தண்ணீரைத் தொட்டு அவர் நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டேன். அவரும் அந்தத் திகைப்பில் பழக்கதோஷமாகத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். சுற்றி நின்றவர்களின் போன் எல்லாம் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. எறிந்தவள் முகம் எந்த வீடியோவிலும் இல்லை. என் முகம் எல்லாவற்றிலும் இருக்கிறது.

கல் நாட்டாமலேயே ஐயா போய்விட்டார். பொலிஸ்காரர் செருப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். படிக்கு வந்து பார்த்தேன், வலது செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு லயத்துக்கு நடந்தேன். பீலியில் பெண்கள் கூடி நின்றார்கள். யார் செய்தது என்று கேட்டேன். எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் கூடையைக் கவிழ்த்துப் பிடித்து ஒட்டியிருந்த கொழுந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. ஆத்திர அழுகை. வருஷக் கணக்காகச் சொன்னது நான். கேலி வாங்கியது நான். செருப்பும் என்னுடையது. ஒரு வார்த்தை பேசாதவள் வந்து நின்று வீசிவிட்டுப் போய்விட்டாள். தட்டை மட்டும் அவளிடம் விட்டிருந்தால் அவள் மேடையில் நின்றிருப்பாள், நான் படியோரம் நின்றிருப்பேன். இதை நினைத்து நினைத்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் வேறு, “அவ வீசினா, நீ சுத்திப் போட்ட, குடும்பமா சேந்து செஞ்சிருக்கீங்க,” என்று சிரித்தார். அந்த மனுஷனோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவள் பாடு ராஜபாடு. பீலிக்கு அவள் வந்தால் மற்றவர்கள் வாளியை இழுத்துக்கொண்டு இடம் விடுவார்கள். மலையில் அவள் கூடை குறைவாகத் தெரிந்தால் பக்கத்து நிரைக்காரி ஒரு கை கொழுந்து அள்ளிப் போடுவாளாம். லயத்துக்கு வெளியே யாருக்கும் ஆள் தெரியாது, அந்தத் தோட்டத்துப் பொம்பளை என்று மட்டும் தெரியும். தெரியாததால் இன்னும் பெரிய ஆளாகிவிட்டாள். ஆறடி உயரமாம், ஐயாவின் மூக்கை உடைத்தாளாம். நம்ம ஆளு ஒருத்திக்காவது தைரியம் வந்துச்சே என்று கொட்டகலை பஸ்ஸில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னபோது, நான் அடுத்த சீட்டில் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

மூடாமல் என்ன செய்வது? என்னைத் தெரியாத ஆள் இல்லை. டவுனில் சாமான் வாங்கப் போனேன். முஸ்லிம் கடைக்கார நானா பருப்பை நிறுத்துக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார். நீங்கள்தானே அந்த ஆலாத்தி தங்கச்சி என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பித் தன் வீட்டம்மாவைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். நல்ல மனுஷன், ஏளனமாகச் செய்யவில்லை. அது இன்னும் வலித்தது. பொடியன்மார் வீடியோவை வெட்டி ஒட்டி, செருப்பு வரும், நான் சுற்றுவேன், மறுபடி செருப்பு வரும், மறுபடி சுற்றுவேன், பின்னால் தப்பு மேளச் சத்தம் போட்டு ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். காக்கா பிடிக்கிறவள் என்று எழுதியிருந்தார்கள். நானா காக்கா பிடிக்கிறவள்?

பிறகு பொலிஸ் வந்தது. ஒற்றைச் செருப்பின் சோடி யாரிடம் இருக்கிறதோ அவள்தான் ஆள் என்று, லயம் லயமாகத் தேடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வலது செருப்பு எங்கள் அடுப்படியில் விறகுக்குப் பின்னால் இருந்தது. அடுப்பில் போட்டு எரி என்றார் வீட்டுக்காரர். தங்கச்சி வாங்கித் தந்ததை எரிக்க முடியாது என்றேன். அதற்குள் தலைவருக்கு ஐயாவின் ஆட்களிடமிருந்து நெருக்கடி. அவர் சின்னவள் வாசலுக்கு வந்து நின்று, “நீ அன்னைக்கு படியோரந்தானே நின்ன?” என்று கேட்டதை வெடிப்பு வழியாகக் கேட்டேன். ஆமாம் என்றாள் அவள். பொய்கூடச் சொல்லத் தெரியவில்லை. பொலிசுக்கு ஒரு பெயரைக் கொடுத்தே ஆகவேண்டும், யோசித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். பொலிஸ் பிடித்தால் தோட்டம் வேலைப் பட்டியலிலிருந்து பெயரை வெட்டும். பெயரை வெட்டினால் காம்பராவும் போகும். வெடித்த சுவரானாலும் அவர்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். அன்று அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுச் சத்தமே வரவில்லை. வெடிப்பில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். அவள் மேல் இரக்கப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மையில்லை. நான் யோசித்தது வேறு. இவளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பேப்பரில் படம் வரும். பத்து நாளில் வெளியே வருவாள். டவுனிலிருந்து மாலை போட்டு, மேளம் அடித்து, தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்றைக்கும் ஆலாத்தி எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதை மட்டும் என்னால் தாங்க முடியாது. விடிந்ததும் வலது செருப்பை உரப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்டேஷனில் இருந்த சார்ஜன் சிங்கள ஆள், கொஞ்சம் வயதானவர். ஆஸ்பத்திரியிலும் அரசாங்கக் கச்சேரியிலும் நின்று நின்று நான் கற்ற சிங்களத்தில் சொன்னேன், மாத்தயா, செருப்பு என்னுடையது, எறிந்ததும் நான்தான். பையைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். அவர் செருப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் எழும்பிப் போய் உள்ளேயிருந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சார்ஜன் தன் போனில் வீடியோவைப் போட்டு என் முன்னால் வைத்தார். அங்கே நான், பட்டுச் சேலையில், இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடி.

“எந்தக் கையால் எறிந்தாய், அக்கே?” என்று கேட்டார்.

  குற்றவாளி என்று நானே வந்து நிற்கிறேன், அதற்குக்கூட நான் லாயக்கில்லை என்கிறார்கள். செருப்பு என்னுடையது, கோபம் என்னுடையது, சொன்னது நான் என்று சிங்களமும் தமிழும் கலந்து கத்தினேன். கத்திக்கொண்டே அழுதுவிட்டேன். சார்ஜன் சிரிப்பை நிறுத்திவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். செருப்புக்காரி மேடையில் நின்றிருக்கிறாள். செருப்பு படியில் கிடந்திருக்கிறது. படியில் கிடந்த செருப்பை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். சோடியை வைத்து ஆளைப் பிடிக்கும் யோசனை அந்த இடத்திலேயே செத்துப்போனது. உள்ளே போய் யாரோடோ போனில் பேசிவிட்டு வந்தார். இதை மேலும் கிளறினால் வீடியோதான் இன்னும் பரவும், விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள் என்றார். இடது செருப்பைப் பையிலிருந்து எடுத்து, ஊக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார்.

இரண்டையும் காலில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஏறி வந்தேன். கதை எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பீலியில் சின்னவள் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள். எழும்பி வந்து ஈரக் கையால் என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். ஊர்ப்பட்ட செருப்பு கிடந்ததே, உன் கைக்கு என்னுடையதுதானா அகப்பட்டது என்று கேட்டேன்.

“கைக்கு வந்தத எடுக்கலக்கா,” என்றாள். “ஒங்க செருப்பத் தேடித்தான் எடுத்தேன். நீங்கதானே சொல்லிக்கிட்டே இருந்தீங்க. தட்டோட மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க, பாவமா இருந்துச்சு. ஒங்க செருப்பாச்சும் போகட்டுமேன்னு நெனச்சேன்.”

பாவமாம். அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, அதையும் எனக்காகத்தான் செய்தேன் என்கிறாள். நன்றி சொல்ல வந்தவளிடம் நான் நன்றி சொல்ல வேண்டிய நிலைமை. இதற்கு மேல் ஒருத்தி மேல் எப்படிப் பொறாமைப்படுவது? நான் பட்டேன். அவள் வாளியைக் காலால் நகர்த்திவிட்டு என் வாளியை வைத்துத் தண்ணீர் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே போய்த் துணியைப் பிழிந்தாள்.

சில மாதம் கழித்து, அன்றைக்கு நாட்டாமல் போன கல்லை நாட்ட ஐயா மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. தலைவர் வீட்டம்மா இந்த முறை நேரே என்னிடம் வந்தார். ஐயாவே கேட்டாராம், அந்த விசுவாசமான அம்மாவை ஆலாத்திக்கு வரச் சொல்லுங்கள் என்று. எனக்குள் ஒரு சந்தோஷம் கொப்பளித்தது. குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு, “சின்னவளுக்குக் குடுங்க, அவளுக்குத்தான் லட்சணமான மொகம்,” என்றேன். சின்னவள் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“சரிக்கா,” என்றாள். “அந்த ஊக்க மட்டும் நல்லா குத்தியிருக்கான்னு பாத்துக்கங்க. போன தடவ வீசும்போது கையக் கீறிருச்சு.”

அன்றைக்கு நான் வெள்ளனவே போனேன். படியோரம் நிற்பது, இடது செருப்பு, வலது கை, எல்லாம் மனதுக்குள் பல தடவை செய்து பார்த்தாயிற்று. போய்ப் பார்த்தால் கோயில் படியில் ஒரு செருப்பு இல்லை. கீழே ரோட்டோரத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம், எல்லோருடைய செருப்பையும் அங்கேயே கழற்ற வைத்து, காவலுக்கு ஒரு பொலிஸ்காரரை நிறுத்தியிருந்தார்கள். இனி ஐயா போகும் தோட்டமெல்லாம் இப்படித்தானாம். ஒருத்தி ஒரு தடவை எறிந்தாள், எனக்கும் சேர்த்து எல்லோருக்கும் வழியை அடைத்துவிட்டாள். செருப்பைப் பொலிஸ்காரர் காலடியில் விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.

ஐயா பேசினார். இந்த முறை தோட்டத்தின் பெயரைச் சரியாகச் சொன்னார், வீடு விரைவில் வரும் என்றார். கல்லைத் தொட்டு வைத்துவிட்டு, ஆலாத்திக்காகச் சின்னவள் பக்கம் திரும்பி நின்றார். நான் கூட்டத்தில் வெறுங்காலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னவள் தட்டைச் சுற்றவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். ஐயா பொட்டுக்காகத் தலையைக் குனிந்தார். பொட்டு வரவில்லை. தலைவர் பக்கத்தில் போய், சுற்று, சுற்று என்று முணுமுணுத்தார். அவள் அசையவில்லை. கற்பூரம் எரிந்து முடிந்து புகை விட்டு அணைந்தது. ஐயா குனிந்த தலையை மெல்ல நிமிர்த்திக்கொண்டார். அன்றைக்கு யாரும் கை தட்டவில்லை, தலைவர்கூடத் தட்டவில்லை. ஓரமாக நின்ற பொலிஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டைச் சுற்றாமல் நின்றாள் என்று யாரைப் பிடிக்க முடியும்?

சனம் முழுதும் அவளையே பார்த்தது. நானும் பார்த்தேன். போன தடவை அந்தத் தட்டு என் கையில்தான் இருந்தது.